மருந்தை வெளியே இறைக்கும் சேற்றுக் கிருமி

ஓட்டை விழுந்த வள்ளத்தோடு மாதகல் கரைக்குத் திரும்பும் ஒருவர் என்ன செய்வார்? புகும் தண்ணீரை விடாமல் இறைத்து ஊற்றுவார். புகுவதைவிட இறைப்பது வேகமாக இருந்தால் வள்ளம் தாழாது. இதே வழியில் மருந்திடமிருந்து தப்பும் ஒரு கிருமி நமது நாட்டின் மண்ணிலும் சேற்றிலும் வாழ்கிறது.

அதன் பெயர் பேர்கோல்டேரியா சூடோமல்லேயி. அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். இலங்கையில் இந்நோய் 1927இலேயே பதிவாயிற்று. பின்னர் நெடுங்காலம் அதைப் பற்றிப் பேச்சில்லை. அண்மைக் காலத்தில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் தேடத் தொடங்கியபோதுதான், நாட்டின் பல பகுதிகளிலும் நோயாளர் இனங்காணப்பட்டனர். கிருமி தோற்காயம், மூச்சு, குடிநீர் வழியாக உடலுட் புகும். மழைக்காலத்தில் நோய் கூடும். நீரிழிவு உள்ளவர்களே அதிகம் அகப்படுகிறார்கள். காய்ச்சல், நிமோனியா, சீழ்க்கட்டி எனப் பல வேடம் போடுவதால் கசநோய் என்று மயங்குவதும் உண்டு.

கடுங்காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் ஊசிமருந்துகளில் ஒன்று ஜென்ரமைசின். பற்றீரியாவின் கலத்துள் சென்று, அது புரதம் ஆக்குவதைக் குழப்புவதே அம்மருந்தின் வேலை. உள்ளே தங்கினால்தானே வேலை நடக்கும்! இக்கிருமியின் இரு சவ்வுகளையும் ஊடறுத்து மூன்று புரதங்களாலான ஒரு பம்பி நிற்கிறது. உட்சவ்வில் இருப்பது மருந்தைப் பிடித்துத் தள்ளும். வெளிச்சவ்வில் இருப்பது குழாய். இடையிலுள்ளது இரண்டையும் பொருத்தி வைக்கும். வெளியேயிருந்து உட்பாயும் ஐதரசன் அயன்களே இதற்கு எரிபொருள். மருந்து நுழைய நுழைய வெளியே போய்விடுகிறது.

நாம் மருந்தைக் கண்டபடி விழுங்கியதால் வந்த வினை என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஜென்ரமைசின் 1963இல் கண்டறியப்பட்டது. அதுவும் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்தே. மண்ணில் ஒன்றை ஒன்று நஞ்சூட்டி வாழும் உயிர்களிடையே பம்பி பழைய சொத்து.

பம்பிதான் காரணம் என்பதற்குப் போர்னியோத் தீவின் சரவாக்கில் நல்ல சான்று கிடைத்தது. அங்குள்ள இக்கிருமிகளிற் பெரும்பாலானவை ஜென்ரமைசினுக்கு மடிகின்றன. ஆராய்ந்தபோது, பம்பிக்குரிய மரபணுவில் ஒரு சிறு பிழை இருந்தது.

ஆகவே மருந்தை மாற்றவேண்டும். செஃப்ராசிடிம் கொடுத்தபோது இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைத் தாய்லாந்து மருத்துவர்கள் 1989இல் காட்டினர். ஊசி குறைந்தது பத்து நாள். பிறகு மாத்திரை மூன்று மாதமளவில். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

எல்லாம் கிருமியைச் சரியாக அடையாளம் காண்பதில் தங்கியுள்ளது. இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு முன்கூட்டியே எடுப்பது அதற்காகத்தான். வீட்டில் நீரிழிவுள்ள ஒருவர் வயலில் நின்று வந்தபின் காய்ச்சலில் விழுந்தால், அந்த வயற்கதையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தாருக்கு அந்தப் பம்பியே ஒரு துப்பு: தட்டில் வளர்ந்த கிருமி ஜென்ரமைசினுக்கு அசையாமல், கோ-அமொக்சிகிளாவுக்கு அடங்கினால், அவர்கள் இந்தச் சேற்றுக் கிருமியைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள்.