சுமை வண்டி ஏன் திணறுகிறது?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவைக் கண்டிராத தமிழ் மாணவர் நம் சங்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அப்பண்டகசாலைகளின் சந்துகளில் பெரிய லாரிகள் நுழைய இயலா. மூட்டைகளைச் சுமப்பன பெரும்பாலும் பிக்கப் எனப்படும் சிறு சுமை வண்டிகளே. அவற்றுள் பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தவையும் பல. ஓட்டுவோருள் பிழைப்புத் தேடி இங்கு வந்த நம்மவரும் உளர். அத்தகைய வண்டி ஒன்று நடுவழியில் வலுவிழந்து நின்றுவிட்டால் அன்றைய கூலி போயிற்று. காரணம் அறியாமல் பட்டறைக்குள் நுழைந்தால் அந்த மாதக் கூலியும் போயிற்று!

என் சிற்றப்பா அத்தகைய வண்டி ஒன்றை ஓட்டுகிறார். அதன் நோயை ஆராய நேர்ந்தபோது நான் கற்றவற்றை நண்பர்கள் முன் வைக்கவே இக்கட்டுரை. மோட்டார்த் தொழில் படித்தவனல்லேன். பௌதிகம் பயிலும் மாணவன். ஆயினும் இவ்விடத்தில் பௌதிகமே பெருந்துணையாயிற்று.

எஞ்சின் கேட்பவை மூன்று

பழைய சுமை வண்டிகளில் பெரும்பாலானவை டீசலில் ஓடுவன. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். அதில் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளைக்குள் புகுந்த காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கினால், அக்காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதனுள் டீசலைப் பனித்துளி போலப் பீச்சியவுடன் அது தானே பற்றிக்கொள்கிறது.

ஆகவே எஞ்சின் நம்மிடம் கேட்பவை மூன்று: போதிய காற்று, போதிய டீசல், போதிய நெருக்கம். ஒரு லிட்டர் டீசல் முழுதும் எரிய ஏறத்தாழ பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும் என்று கணக்கிட்டால், காற்று வடிகட்டியின் அருமை விளங்கும். மிளகாய்த் தூசும் சாக்குத் தூசும் பறக்கும் கிடங்கு வாசலில் நாளெல்லாம் நிற்கும் வண்டிக்கு அவ்வடிகட்டி அடைபட்டால் வியப்பென்ன?

புகையின் மொழி

நோயாளியின் நாடியைப் பார்ப்பது போல், வண்டியின் புகையை முதலில் பார்க்கவேண்டும். செலவில்லாத சோதனை இது. வண்டி திணறும் அந்த நேரத்தில், பின்னால் வரும் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும்.

கரும்புகை கக்கினால், டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை என்று பொருள். காற்று வடிகட்டியையும் டர்போவுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் பாருங்கள். நீலப்புகையானால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை வந்தால், டீசல் சரியாக எரியாமல் வெளியேறுகிறது, அல்லது நீர் உள்ளே புகுகிறது. காலையில் கிளப்பவே பெரும்பாடு படவேண்டியிருந்தால் நெருக்கம் குறைந்திருக்கலாம்.

வண்டி வலுவிழக்கிறது, ஆனால் புகையே காணோம் என்றால்? எரிவதற்குப் பொருளே வந்து சேரவில்லை என்பதே பொருள். இதுவே பட்டினி நோய்.

வண்டி எவ்வாறு நிற்கிறது என்பதும் ஒரு சான்று. விளக்கை அணைத்தாற்போல் திடீரென்று நின்றால் மின்கம்பியை ஐயுறுக. பழைய டீசல் பம்புகள் பலவற்றில் மின்சாரம் உள்ளவரை மட்டும் திறந்திருக்கும் ஓர் அடைப்பு உண்டு. அதன் கம்பி தளர்ந்து ஒரு குலுக்கலில் விட்டுப்போனால், அந்நொடியே எஞ்சின் அடங்கும். அவ்வாறின்றி, எண்ணெய் வற்றிய அகல் போல மெல்ல மெல்ல மங்கி நின்றால் டீசல் வரும் பாதையை ஐயுறுக.

சமதரையில் நலம், ஏற்றத்தில் நோய்

சிற்றப்பாவின் வண்டி இந்த இரண்டாம் வகை. காலையில் எளிதாகக் கிளம்பும். இருபது நிமிடம் நன்றாக ஓடும். மூட்டையோடு தோப்பும்படியில் பாலம் ஏறும்போது, ஓட்டுநர்கள் சொல்வது போல், புல்லிங் போய்விடும். புகையில்லை, மங்கி மங்கி நிற்கும். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் ஒன்றும் நடவாதது போல் மீண்டும் கிளம்பும்! பட்டறையில் ஒருவர் டீசல் பம்பையே கழற்றிச் செப்பனிட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை, சிற்றப்பாவின் மகள் கல்லூரியில் சேர எடுத்து வைத்திருந்த பணத்தை விழுங்கக் கூடியது.

சற்றே சிந்திப்போம். வெறுமனே நின்று ஓடும் எஞ்சினுக்கு மணிக்கு ஒரு லிட்டர் டீசல்கூட வேண்டியதில்லை. சுமையோடு முழு வலுவில் ஏறும்போது அதே எஞ்சின் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் கேட்கும். பாதையில் பாதி அடைப்பு இருந்தால் சிறு ஓட்டத்திற்கு அது தடையாகாது. பெரும் ஓட்டத்திற்கே தடையாகும். எனவேதான் பட்டறை வாசலில் நிற்கும் வண்டி நலமுள்ளது போல நடிக்கிறது.

பத்து நிமிட ஓய்வில் எவ்வாறு பிழைக்கிறது? தேய்ந்த பம்ப் பத்து நிமிடத்தில் தேய்வு நீங்கிவிடுமா? சூட்டில் தளர்ந்த பம்ப் ஆறியபின் பிழைப்பதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் சூடாக இருக்கையில் கிளம்ப மறுக்கும். ஓய்வால் தானே நீங்கும் தடையை நாம் தேடவேண்டும்.

பாதியாகப் பிரித்து அறிதல்

டீசல் தொட்டியிலிருந்து புறப்பட்டு, உறிஞ்சு குழாய், நீண்ட கம்பிக்குழாய், வடிகட்டி, பம்ப், நாசில் என்ற வரிசையில் செல்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது செல்வர்க்கு ஆகும். பாதையை நடுவில் வெட்டி, பிழை முன்பாதியிலா பின்பாதியிலா என்று வினவுவதே ஆய்வுக்கூட முறை.

முதலில் தொட்டியின் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். காற்றுத்துளை அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பை எதிர்த்து இழுக்கும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்தோம். ‘உஸ்’ என்ற ஓசை கேட்டிருந்தால் நோய் அங்கேயே தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

அடுத்து, வடிகட்டிக்கு முன்னால் ஒரு முழ நீளம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினோம். இணைப்புகளில் ஓட்டை இருந்தால் குமிழிகள் தோன்றும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் ஓடும்போது அப்பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆதலால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றே உள்ளே புகும். ஒழுக்கு இல்லை என்பதால் ஓட்டை இல்லை என்று எண்ணிவிடலாகாது. நாங்கள் பார்த்தவரை குமிழிகள் இல்லை.

மூன்றாவதே தீர்ப்புச் சோதனை. தூய டீசல் நிறைந்த ஒரு கேனைச் சுமைத் தட்டில் இறுகக் கட்டி, வடிகட்டிக்கு வரும் குழாயையும் பம்பிலிருந்து திரும்பும் குழாயையும் அதனுள் விட்டோம். தொட்டியும் அதன் குழாயும் இப்போது ஆட்டத்தில் இல்லை. அதே மூட்டைகளோடு அதே பாலத்தில் ஏறினோம். வண்டி தயங்காமல் ஏறிற்று; திரும்பி வந்து மறுமுறையும் ஏறிற்று. பம்ப் குற்றமற்றது!

தொட்டியை இறக்கிக் கவிழ்த்தபோது முதலில் வந்தது டீசலன்று. பழுப்பு நிற நீர். பின்னர் கரிய சளி, பின்னர் துருச் செதில்கள். உறிஞ்சு குழாயின் வலையில் அச்செதில்கள் ஒட்டியிருந்தன. எஞ்சின் இழுக்கும்போது அவை வலையில் படிந்து வழியை மூடும். எஞ்சின் நின்று இழுப்பு ஓய்ந்தால் மெல்லக் கீழே உதிரும். பத்து நிமிட ஓய்வின் மருமம் இதுவே.

நீர் எங்கிருந்து வந்தது?

கொச்சியின் ஈரக்காற்று தொட்டிக்குள் குளிர்ந்து நீரானது என்பர். அது ஓரளவே உண்மை. தொட்டியில் 25 லிட்டர் காற்று இருந்தால், அதிலுள்ள நீராவி முழுதும் குளிர்ந்தாலும் ஒரு கிராம் தேறாது. ஆண்டில் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், ரப்பர் வளையம் தேய்ந்த மூடியின் வழியாகப் புகும் மழைநீரே பெரிய குற்றவாளி. எங்கள் மூடியின் வளையம் வெடித்திருந்தது.

நீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கித் தகட்டைத் துருவேற்றும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் வளர்ந்து அக்கரிய சளியை உண்டாக்கும். விமான எரிபொருள் தொட்டிகளிலும் இத்தொல்லை உண்டு. எனவே வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை அவ்வப்போது வடிப்பது மழைக்காலத்தில் கடமை.

பெட்ரோல் வண்டியுடையோர்க்கும் ஒரு சொல். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் கவனிக்கவேண்டும். ஆனால் மேற்சொன்ன கேன் சோதனையைப் பெட்ரோலில் ஒருபோதும் செய்யற்க; அது உயிருடன் விளையாடுவதாகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளிலும் இதனை முயலவேண்டா. அவற்றின் எரிபொருள் அழுத்தம் மிகப் பெரிது. பழுதறியத் தனிக் கருவியும் வேண்டும்.

தொட்டியைக் கழுவி, புது வடிகட்டியும் புது மூடியும் பொருத்தி, இரண்டு நாள் கூலிக்குள் சிற்றப்பாவின் வண்டி மீண்டும் கடைத்தெருவுக்குப் போயிற்று. தங்கையின் கல்லூரிப் பணம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

நண்பர்களே! உங்கள் உறவினரோ ஊராரோ இத்தகைய வண்டி ஓட்டினால், ஐந்து வினாக்களை அவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். புகை என்ன நிறம்? திடீரென்று நின்றதா, மங்கி நின்றதா? சுமையில் மட்டுமா, எப்போதுமா? ஓய்வுக்குப் பின் ஓடுகிறதா? மூடியைத் திறந்தால் ஓசை வருகிறதா? இவ்வைந்துக்கும் விடையோடு பட்டறைக்குச் செல்பவரை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. நேர்மையான மெக்கானிக்கோ அவரை மகிழ்ந்து வரவேற்பார்.