பத்தாவது முடித்த அரசுப் பள்ளிப் பிள்ளையை பிளஸ் ஒன் எங்கே சேர்க்கலாம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் காரைக்குடி, கோட்டையூர் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "பிள்ளை நல்ல மார்க் எடுத்துட்டான். பிளஸ் ஒன்னுக்காவது தனியார் பள்ளியில சேர்த்து விடுவோமா?" ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு முடிவால், பிள்ளை ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்துச் சேர்த்த உரிமைகள் கையை விட்டுப் போகலாம். டி.சி. வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படியுங்க.

ஏன் இந்தக் கேள்வி வருகிறது?

உயர்நிலைப் பள்ளியில் 10ஆம் வகுப்பு வரைதான் உண்டு. 12ஆம் வகுப்பு வரை இருந்தால் அது மேல்நிலைப் பள்ளி. ஆகவே நகர ஓரத்து உயர்நிலைப் பள்ளியில் படித்த பிள்ளை, எப்படியும் வேறு பள்ளிக்கு மாறத்தான் வேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

7.5 சதவீதம் யாருக்கு?

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதில் இடம் பிடிக்கும் மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் தனியார் பள்ளியில் படித்தால்கூட இந்த ஒதுக்கீடு கிடைக்காது.

"நகராட்சிப் பள்ளி அரசுப் பள்ளியா?"

பள்ளியின் பெயரில் 'நகராட்சி' என்று இருந்தால் பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். கவலை வேண்டாம். நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறைப் பள்ளிகள் எல்லாமே அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும். ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி 7.5 சதவீதத்தில் வராது. பேர் ஒரே மாதிரி இருக்குன்னு குழம்பிடாதீங்க. சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடமே கேட்டுவிடுங்கள்.

மாதம் 1,000 ரூபாய்

2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், கல்லூரி செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் மாணவர்களுக்கு. இரண்டுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் பெறலாம்.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்ற பிள்ளையா? 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். பத்தாவதில் 60 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னில் அது தொடரும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 5 சதவீதம் தளர்வு. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். சுயநிதித் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும்.

போனிலேயே முடிக்கலாம்

• சாதி, வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு இ-சேவை தளத்தில் விண்ணப்பிக்கலாம். மையத்துக்குப் போனால் ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். கல்லூரி சேர்க்கை நேரத்தில் ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.
• மதிப்பெண் பட்டியலை டிஜிலாக்கர் செயலியில் சேமியுங்கள்.
• பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, ஆதாரை இணையுங்கள்.
• பழைய பள்ளியிலிருந்து டி.சி.யுடன் எமிஸ் எண்ணையும் குறித்து வாங்குங்கள். 6ஆம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் படிப்புச் சான்று பிறகு தேவைப்படும்.
• சந்தேகம் என்றால் கல்வி உதவி எண் 14417.

சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியில் 1952இல் தொடங்கிய அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரியும் வந்துவிட்டது. செட்டிநாட்டிலேயே அரசு வேளாண்மைக் கல்லூரி உண்டு. நகர ஓரத்துப் பள்ளியிலிருந்து இவற்றுக்குப் பஸ்ஸில் போகும் தூரம்தான். இடையில் இருப்பது இன்னும் இரண்டு வருஷப் படிப்பு. அதை எந்தப் பள்ளியில் படிப்பது என்பதை, பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்க.