மதுக்கடைக்குப் போகும் கம்பெனிப் பணம்

சோப்போ பிஸ்கட்டோ தயாரிக்கும் நிறுவனம், தன் சரக்கை அதிகம் விற்றுத்தரும் மளிகைக்கடைக்காரருக்குக் கூடுதல் கமிஷனும் இலவசப் பெட்டிகளும் கொடுப்பதை வணிக உலகம் ‘ஸ்கீம்’ என்ற பெயரில் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. மது வணிகத்தில் மட்டும் பல நாடுகள் இதற்குச் சட்டத்தால் கடிவாளம் இட்டிருக்கின்றன. கடைக்காரருக்குத் தரப்படும் ஊக்கத்தொகை, குடிப்பவர் தலையில் இன்னொரு புட்டியைக் கட்டும் உந்துதலாக மாறிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டின் மதுவிலக்குக்கு முன்பு, பீர் ஆலைகளே சாராயக்கடைகளுக்கு முதலும் கடனும் தட்டுமுட்டுச் சாமான்களும் கொடுத்துத் தங்கள் பீரை மட்டுமே விற்கவேண்டும் என்று கட்டிப்போட்டிருந்தன. மதுவிலக்கு 1933 இறுதியில் நீங்கியபின், 1935இல் வந்த கூட்டரசின் மது நிர்வாகச் சட்டம், உற்பத்தியாளர் கடையில் பங்கு வைத்துக்கொள்வது, பொருளும் பணமும் கொடுத்துக் கடையை வளைப்பது, கடை ஊழியருக்குக் கையூட்டுத் தருவது ஆகியவற்றைத் தடைசெய்தது.

இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் அடங்கிய பொருள் என்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தமிழ்நாட்டில் 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் முதலில் மொத்த விற்பனையை மட்டும் கவனித்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. பீர்க்கன்கரணை போன்ற தாம்பரம் சுற்றுவட்டார ஊர்களில் அதுவரை உரிமம் பெற்ற தனியார் நடத்திய வியாபாரத்தை, அதன்பின் அரசு நிறுவனத்தின் மேற்பார்வையாளரும் விற்பனையாளரும் நடத்துகிறார்கள். இந்த மாற்றம் ஊக்கத்தொகையின் சட்டத்தன்மையையே புரட்டிப்போட்டது. அரசு நிறுவன ஊழியர் 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர். ஆகவே தனியார் கடைக்காரருக்கு ‘ஸ்கீம்’ ஆக இருந்தது இவர் கையில் லஞ்சமாகிறது. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, கொடுக்கும் நிறுவனமும் குற்றவாளியாகலாம்.

அதற்காகக் கம்பெனிகளின் ஆசை அடங்கிவிடவில்லை. கம்பி வலைக்கு வெளியே நின்று விலையை மட்டும் சொல்லி ஒரு குவார்ட்டர் கேட்பவருக்கு எந்தப் பிராண்டு கிடைக்கும் என்பதை உள்ளே இருப்பவரே தீர்மானிக்கும்போது, அவருடைய தயவுக்கு ஒரு விலை உண்டாகிவிடுகிறது. பன்னாட்டு மது நிறுவனமான டியாஜியோ, 2003 முதல் 2009 நடுப்பகுதி வரை, இந்தியாவில் அரசு மதுக்கடை ஊழியர்கள் 900 பேருக்கும் மேற்பட்டோருக்கு விநியோகஸ்தர்கள் வழியாகச் சுமார் 7.9 லட்சம் டாலர் கொடுத்தது என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2011 ஜூலையில் கூறியது. இதையும் பிற நாட்டு விவகாரங்களையும் சேர்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், அந்நிறுவனம் 1.6 கோடி டாலருக்கு மேல் செலுத்தித் தீர்த்துக்கொண்டது.

கடை ஊழியரைவிடப் பெரிய வாசல் ‘இண்டென்ட்’ எனப்படும் கொள்முதல் ஆணை. எந்த ஆலையிடமிருந்து எத்தனை பெட்டி வாங்குவது என்பதை ஒரே நிறுவனம் முடிவு செய்யும் இடத்தில், ஆயிரக்கணக்கான கடைக்காரர்களைத் தனித்தனியே மயக்கவேண்டிய சிரமம் ஆலைகளுக்கு இல்லை. 2025 மார்ச்சில் டாஸ்மாக் தலைமையகத்திலும் மது ஆலைகளிலும் சோதனை நடத்திய அமலாக்கத்துறை, கூடுதல் இண்டென்ட் பெறுவதற்காக ஆலைகள் கணக்கில் வராத பணத்தைக் கைமாற்றின என்றும், அதன் அளவு 1,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றும் குற்றஞ்சாட்டியது. தமிழ்நாடு அரசுத் தரப்பு இதை மறுத்தது; உச்ச நீதிமன்றம் மே 22 அன்று அந்த விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. எனவே குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது.

குறித்த விலைக்கு மேல் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கப்படுவதைப் பற்றிய முணுமுணுப்பு கடைவாசலில் உரக்கக் கேட்கிறது. இண்டென்ட் பற்றி அங்கே எவரும் பேசுவதில்லை. எந்த ஆலைக்கு எந்த அளவுகோலின்படி எத்தனை பெட்டி ஒதுக்கப்பட்டது என்பதை மாதந்தோறும் டாஸ்மாக் தானே வெளியிட வேண்டும்.