எரிமலை தள்ளிவிட்ட கப்பல்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்றொரு சிற்றூர். கரை முழுக்கக் கருங்கற்கள், கையளவிலும் தலையளவிலும். ஸ்கூபா டைவிங் வருபவர்களின் காற்றுச் சிலிண்டர்களை உள்ளூர்ப் பெண்கள் தலையில் சுமந்துகொண்டு இந்தக் கற்கள்மேல் சாதாரணமாக நடந்து போவார்கள். பின்னால் வெறுங்கையோடு வரும் பயணிதான் தடுமாறுவார். கரையிலிருந்து நாற்பது மீட்டர்கூட நீந்த வேண்டாம், கீழே ‘லிபர்ட்டி’ கிடக்கிறது.

1918இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கட்டிய சரக்குக் கப்பல் அது. ஏறத்தாழ 125 மீட்டர் நீளம். 1942 ஜனவரி 11 அன்று, ரயில்வே சாமான்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு லொம்போக் நீரிணைப் பக்கம் வந்தபோது ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்தது. கப்பல் உடனே மூழ்கவில்லை. இரண்டு போர்க்கப்பல்கள் அதைச் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப்போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியில் துலாம்பெனிலேயே தரைதட்டவிட்டார்கள். இருபத்தோரு ஆண்டுகள் கரையில் கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது எழுந்த அதிர்வில் சரிந்து கடலுக்குள் போயிற்று. போரில் மூழ்கிய கப்பல் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். முழுக்காட்டியது என்னவோ மலைதான்.

விழுந்த இடம் உயிர்களுக்கு வாகாக அமைந்துவிட்டது. சுற்றிலும் எரிமலையின் கறுப்பு மணற்சரிவு. பவளத்தின் இளம் உயிரி மிதந்து வந்து ஏதாவது கெட்டியான பரப்பில் ஒட்டினால்தான் பிழைக்கும். மணலில் இறங்கினால் அது புரண்டு மூடிவிடும். அப்படிப்பட்ட சரிவில் திடீரென்று இவ்வளவு இரும்பு. கப்பல் ஒருக்களித்துக் கிடக்கிறது. மேற்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி முப்பது மீட்டருக்குப் பக்கத்தில். அதனால் ஒரே இரும்பில் வெயில் படும் பரப்பும் இருண்ட பரப்பும் கிடைக்கின்றன. பாறை கட்டும் பவளங்களுக்கு வெளிச்சம் வேண்டும். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலைக்கொண்டு உணவு சமைத்துத் தருகிறது. அவை மேலே பிடித்துக்கொண்டன. கடல் விசிறிகளும் கடற்பஞ்சுகளும் நீரோட்டம் கொண்டுவரும் உணவை வடித்து உண்பவை. பக்கவாட்டிலும் அடியிலும் தொங்குகின்றன. அந்த ஆழத்தில் எல்லாம் நீலச் சாம்பலாகவே தெரியும், ஏனென்றால் சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. டார்ச் அடித்தால் அதே சுவர் செக்கச்செவேல் என்றிருக்கும்.

அங்கே ஒரு விசிறிமுன் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கிளை முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கும். அதில் ஒரு முடிச்சுக்குக் கண் இருந்தால் அது பிக்மி கடல்குதிரை. முழு நீளமே இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். விசிறியின் நிறமே அதன் நிறம். விசிறியாகச் சேர்ந்து வாழும் சிற்றுயிர்களான பாலிப்புகள் மூடிக்கொண்டாற்போலவே உடம்பில் குமிழ்கள். பெரிய கடல்குதிரைகளுக்கு ஆணின் வாலடியில் குஞ்சுப்பை இருக்கும், இதற்கு உடம்புக்குள்ளேயே. செவுள் துளையும் ஒன்றே ஒன்று, பிடரியில். நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் 1969இல் மீன்காட்சியகத்துக்காகக் கடல் விசிறி சேகரித்தார். அதை எடுத்துவந்து ஆராய்ந்தபோதுதான் ஒட்டிக்கொண்டிருந்த குதிரை கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு அவர் பெயரையே அந்த இனத்துக்கு வைத்தார்கள். கடலுக்குள் எத்தனை பேர் அதைப் பார்த்தும் பாராமல் கடந்திருப்பார்களோ! இப்போது நிலைமை தலைகீழ். கேமராக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். குதிரை வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உடனே யாராவது விசிறியைக் குச்சியால் நெம்பி அதைத் திருப்பப் பார்க்கிறார்கள். என்ன படம் வேண்டிக் கிடக்கிறது, தெரியவில்லை.

லிபர்ட்டியின் பெரிய குடித்தனக்காரரைப் பார்க்க விடியுமுன் இறங்க வேண்டும். நெற்றி புடைத்த கிளிமீன்: கிளிமீன்களிலேயே மிகப் பெரிய இனம், 1.3 மீட்டர்வரை வளரும், எடை நாற்பது கிலோவைத் தாண்டும். பகலெல்லாம் கூட்டமாகப் பவளப்பாறையில் மேய்ந்துவிட்டு இரவில் கப்பலின் மறைவில் தூங்கும். டார்ச் ஒளி ஓரமாகப் பட்டால் முதலில் தெரிவது உதடு மூடாத வெள்ளை அலகு. பற்கள் ஒன்றோடொன்று இணைந்து அலகாகிவிட்டவை. பிறகுதான் சாம்பல்பச்சை உடம்பு முழுதும் புலப்படும். இந்த அலகால் உயிருள்ள பவளத்தையே கடித்துத் தின்னும். தொண்டைக்குள் இன்னொரு தாடை உண்டு. அது கல்லை மாவாக அரைத்துவிடும். இரைப்பையே கிடையாது. அரைபட்ட சுண்ணாம்பு வெள்ளை மணலாகப் பின்னால் கொட்டும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் அளந்து பார்த்ததில், ஒரு மீன் ஆண்டுக்கு ஐந்து டன்னுக்குமேல் பாறையை விழுங்குவதாகத் தெரிந்தது. பவளத்துக்கு எமன் என்று நினைக்க வேண்டாம். வேகமாக வளரும் இனங்களை இது கடித்து மட்டுப்படுத்துவதால் மெதுவாக வளர்பவற்றுக்கு இடம் கிடைக்கிறது. ஆழமில்லாத இடத்தில் கூட்டமாகத் தூங்கும் இந்தப் பழக்கமே அதற்கு வினையாகவும் முடிகிறது. பசிபிக் தீவுகள் பலவற்றில் இரவில் டார்ச்சும் ஈட்டியுமாக வருபவர்கள் ஒரே மூச்சில் கூட்டத்தையே தீர்த்துவிடுகிறார்கள்.

வெளுத்ததும் கிளிமீன்கள் கிளம்பிவிடும். பாரை மீன்கள் நூற்றுக்கணக்கில் சுழன்று திரிவதையும், இடுக்கில் அஞ்சாலை வாய் பிளந்து கிடப்பதையும் (மிரட்டுவதற்காக அல்ல, அது மூச்சுவிடும் விதமே அப்படித்தான்) யாரும் தேடவே வேண்டாம், தாமாகவே கண்ணில் படும்.

கப்பலைவிட்டு மணற்சரிவுக்கு வந்தால் தோட்ட விலாங்குகள். வாலை மணலில் புதைத்து, மேலுடம்பை நிமிர்த்தி, நீரோட்டத்தை எதிர்நோக்கி ஆடிக்கொண்டிருக்கும். மிதந்துவரும் சிற்றுயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தும். நெருங்கினால் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கிவிடும், வெறும் மணல்தான் மிச்சம். நம் மூச்சின் குமிழிச் சத்தமே போதும். மூச்சை அடக்கிக்கொண்டு போகலாமென்றால் ஸ்கூபாவின் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதுதான். சற்று மேலே ஏறினாலும் அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். குமிழி விடாமல் காற்றைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பத் தரும் ரீப்ரீத்தர் கருவி வைத்திருப்பவர்களால் கிட்டே போக முடிகிறது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், விலையும் கொள்ளை. மற்றவர்கள் பத்தடி தள்ளியே மணலருகே அசையாமல் இருந்து பார்க்க வேண்டியதுதான்.