ஒலி எங்கே போகிறது?

பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கரில் மட்டும் சத்தமில்லை. பல சமயம் ஒலி வேறொரு கருவிக்குப் போய்க்கொண்டிருக்கும். லினக்ஸ் கணினியாக இருந்தால், என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று டெர்மினலில் கேட்டுவிடலாம்.

'ஏபிளே' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் சின்ன 'எல்' எழுத்தும் சேர்த்தால் ஒலி வெளியிடும் கருவிகள் வரிசையாக வரும். (பெரிய 'எல்' போட்டால் வேறொரு நீண்ட பட்டியல் வந்து குழப்பும்.) மைக்குகளுக்கு 'ஏரெகார்ட்'. இரண்டும் அல்சா என்ற ஒலி அமைப்பின் கட்டளைகள். யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய அல்சா, 2003-இல் வந்த 2.6 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலின் வழக்கமான ஒலி அமைப்பு.

இந்தப் பட்டியலில் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். 'கார்டு 0, டிவைஸ் 3' என்றால் முதல் சவுண்ட் கார்டின் ஒரு வெளியீடு, பெரும்பாலும் எச்டிஎம்ஐ. வேறு ஏற்பாடு செய்யாதவரை அல்சா 0-ஆம் கார்டுக்கே ஒலியை அனுப்பும். கிராபிக்ஸ் கார்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் பாட்டு போகும்! கணினியை அணைத்துப் போட்டால் எண்கள் மாறவும் கூடும். அதனால் அமைப்புக் கோப்புகளில் எண்ணை எழுதாமல், அதன் பக்கத்தில் வரும் குறும்பெயரை எழுதுவதே நல்லது.

புளூடூத் ஹெட்போனை இந்தப் பட்டியலில் தேடாதீர்கள், பொதுவாக அது வராது. அதைக் கவனிப்பது கர்னலுக்கு மேலே ஓடும் பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் என்ற ஒலிச் சேவை. அவற்றிடம் கேட்க 'பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சிங்க்ஸ்' என்ற கட்டளை உண்டு.

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். முதல் பட்டியலில் இருக்கும் கார்டு இரண்டாவதில் இல்லையா? மேலடுக்கில் சிக்கல். முதலாவதே காலியாக, 'சவுண்ட் கார்டு இல்லை' என்று வந்தால் டிரைவர் இல்லாமல் இருக்கலாம். உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லாவிட்டாலும் இதே செய்திதான் வரும். '/ப்ராக்/அசவுண்ட்/கார்ட்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் கார்டு பெயர் இருந்தால் குறை அனுமதியில்தான். அதைச் சரிசெய்தால் போதும், லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.