சாட்டையைப் பழுது பார்ப்பது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கிறீர்களா? இடித்துப் பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு, கண்ணாடிப் படம் எல்லாம் அங்கேதான் வந்து குவியும். அந்தக் குவியலிலிருந்து ஒரு தோல் சாட்டையை விலைக்கு வாங்கி வந்தேன். கட்டைப் பிடி, நாலு வார் போட்ட பின்னல். நுனி அறுந்து போயிருந்தது. 'பெரிய வீட்டு வில்வண்டிச் சாட்டை சார்' என்றார் கடைக்காரர். இருக்கும். மாட்டை மட்டும்தான் அடித்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்கு என்ன தெரியும்?

அதிகாரம், உடல், தண்டனை என்று நாமெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறோம். ஃபூக்கோவின் 1975ஆம் வருஷப் புத்தகத்தைத் தொடாத சிறுபத்திரிகைக்காரர் அபூர்வம். ஆனால் ஒரு சாட்டைக்கு எத்தனை வார், எந்த இடம் முதலில் அறும் என்று கேட்டால் முழிப்போம். கைவேலை தெரியாதவர்களின் சொல்லாடலாகவே அதிகாரம் பற்றிய நம் பேச்சு இருந்துவிட்டது. அதனால்தான் இந்தக் குறிப்பு. தோல் வேலை பழக்கமில்லாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாட்டையைச் சரி செய்வது எப்படி என்பதுதான் விஷயம்.

முதலில் பொருளைப் பிரித்துப் பார்ப்போம். (கட்டுடைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இதற்கு நிஜமாகவே கத்தி வேண்டும்.) பிடி, பிடியிலிருந்து இறங்கும் பின்னல், பின்னல் முடிகிற இடத்தில் முடிச்சுப் போட்ட ஒற்றை வார், அதன் நுனியில் நூலோ நாரோ திரித்த குஞ்சம். பிடிப்பக்கம் தடிமன், போகப் போக ஒல்லி. இந்த ஒடுக்கம்தான் எல்லாவற்றுக்கும் சூட்சுமம். கையை வீசும்போது சாட்டையில் ஒரு வளைவு உண்டாகி நுனியை நோக்கி ஓடுகிறது. ஓட ஓட, அது இழுத்துப் போக வேண்டிய எடை குறைகிறது, வேகம் கூடுகிறது. நுனிக்கு வரும்போது ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. நாம் கேட்கிற சொடுக்குச் சத்தம் காற்று உடைபடுகிற சத்தம். தோல் எதன் மேலும் பட வேண்டியதில்லை. 1958இல் அமெரிக்காவில் இதை வேகப் படக்கருவி வைத்து ஆராய்ந்தார்கள். 2002இல் அரிசோனாவிலிருந்து கோரியலியும் மக்மில்லனும் கணக்குப் போட்டு, அந்த வளைவேதான் ஒலி வேகத்தை எட்டிச் சத்தத்தை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அடி விழுவதற்கு முன்னாலேயே உடம்பைக் கூசிக் குறுக வைக்கிற சத்தம் இது.

இவ்வளவு வேகத்தைத் தாங்குவதால் முதலில் தேய்வது குஞ்சம், அடுத்தது ஒற்றை வார், அதற்கப்புறம்தான் பின்னலின் நுனி. பழுதும் இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை. சாட்டையை மெல்ல வளைத்துப் பாருங்கள். மேல் தோல் செம்பொடியாக உதிர்ந்து கையில் ஒட்டினால் விட்டுவிடுங்கள். பட்டையில் பதனிட்ட பழைய தோல், காற்றிலுள்ள கந்தகப் புகையைக் குடித்துக் குடித்து அமிலமேறி உள்ளே செத்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் ஊற்றினால் பிழைக்காது. வெறுமனே காய்ந்து விறைத்திருந்தால் பிழைக்கும். ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும் போட்டுத் துடைத்து நிழலில் காய வையுங்கள், வெயிலில் வேண்டவே வேண்டாம். பிறகு எண்ணெயோ கொழுப்போ விரலில் தொட்டுத் தேய்க்க வேண்டும். நம் ஊரில் செருப்புக்கு விளக்கெண்ணெய் போடுகிற வழக்கம் உண்டு, அதுவே போதும். ஆனால் ஊற வைத்துவிடாதீர்கள். எண்ணெய் அதிகமானால் தோல் தொளதொளத்து வலு போய்விடும்.

அடுத்தது ஒற்றை வார். பழைய முடிச்சை அவிழ்க்க வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். புது வாருக்கு மாட்டுத்தோலின் முதுகுப் பக்கம் நல்லது. வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீண்டுகொண்டே போகும். சுண்டுவிரலில் பாதி அகலம், ரெண்டு முழம் நீளம், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும். அகல முனையில் சின்னதாய் ஒரு பிளவு கீறி, பின்னலின் முனையை அதற்குள் நுழைத்து, வாரைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுங்கள். பின்னலிலேயே ஒரு வார் அறுந்திருந்தால்தான் கஷ்டம். அறுந்த இடத்துக்கு மேலே நாலு விரற்கடை வரை பின்னலை அவிழ்க்க வேண்டும். பழைய வாரின் முனையையும் புது வாரின் முனையையும் அடிப்பக்கம் காகிதம் போலச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒட்டி, ஈரப்பதத்தோடு திரும்பப் பின்ன வேண்டும். ஒரே இழுப்பில் எல்லாப் பக்கமும் இறுக்கம் வராது. எனக்கு மூன்று தரம் கோணிக்கொண்டது. முடித்ததும் பலகைக்கடியில் வைத்து உருட்டினால் உருண்டையாகும்.

மூன்று தரம் கோணியதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது, ஏனென்றால் எனக்கு இது பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகத் தோலைத் தொடுவதற்கு ஒரு சாதித் தகுதி வேண்டியிருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, சுண்ணாம்பில் ஊற வைத்து மயிர் கழித்து, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டு, வாராக வெட்டிப் பின்னியவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. பிறப்பால் சுமத்தப்பட்டது அது. கமலைக்குத் தோல் தைத்ததும், பறைக்குத் தோல் இழுத்ததும், பண்ணையாருக்குச் சாட்டை பின்னியதும் தீண்டப்படாத கைகள். பின்னி முடித்த பின் அந்தச் சாட்டை தீட்டுப்படாமல் எப்படி மேல்சாதிக் கைக்குப் போனது என்பதை எந்தச் சாஸ்திரமும் விளக்காது.

அப்போதைய இராமநாதபுரம் மாவட்டத்தில், அதாவது நம் பகுதியும் அடங்கிய மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர் மேல் கள்ளர்கள் விதித்த எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1931இல் அது பதினொன்றாக வளர்ந்தது. சட்டை போடக் கூடாது, முடி வெட்டக் கூடாது என்பவற்றோடு, செருப்புப் போடக் கூடாது என்பதும் அதில் உண்டு. தோல் அவர்கள் முதுகில் விழலாம், காலில் ஏறக் கூடாது. கீழத் தஞ்சையில் இது சாட்டையடி, சாணிப்பால் என்று இரட்டைத் தண்டனையாக இருந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய செங்கொடிச் சங்கம் முதலில் எதிர்த்தது கூலியை மட்டுமல்ல, இந்த இரண்டையும்தான். பண்ணையார் சாட்டை மட்டும்தான் பழசு என்று நினைக்க வேண்டாம். 1860ஆம் வருஷத் தண்டனைச் சட்டத்தில் விடப்பட்ட கசையடியை வெள்ளை அரசு 1864இலேயே தனிச் சட்டம் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தது. அது முற்றாக ஒழிக்கப்பட்டது 1955இல்.

குஜராத்தின் உனாவில் 2016 ஜூலையில் செத்த மாட்டை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கே தலித்துகள் செய்தது நினைவிருக்கும்: செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டுவிட்டு, 'உங்கள் தாயை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற தொனியில் தொழிலை நிறுத்தினார்கள். வார் வெட்டுகிறவன் கத்தியைக் கீழே வைத்தால் சாட்டை இல்லை.

சாட்டை கைமாறுவதைக் கொண்டாடுகிற மரபும் நம்மிடம் இருக்கிறது. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) எம்.ஜி.ஆர். கொடுமைக்காரனின் சாட்டையைப் பிடுங்கிக்கொண்டு பாடியபோது தியேட்டர் அதிர்ந்தது. அடி வாங்கியவன் திருப்பி அடிக்கிற சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாட்டை போகவில்லை, ஆள்தான் மாறினான். சட்டமன்றத்தில் கட்சி உறுப்பினர்களை ஓட்டுக்கு மேய்க்கிறவருக்குக் 'கொறடா' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கே சவுக்கு என்றுதான் பொருள். 2024 டிசம்பர் 27 அன்று கோவையில், அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை கேமராக்களுக்கு முன் தன்னைத்தானே அடித்துக்கொண்டார். தானே பிடித்து, தானே எண்ணி, தானே நிறுத்திக்கொள்கிற அடி அது. அவர் தலைமுறைக்கு முந்தைய முதுகுகளுக்கு அந்த வசதி இருந்ததில்லை.

இப்போது நம் பக்கம் சாட்டை பார்க்கக் கிடைப்பது மாட்டுவண்டிப் பந்தயத்தில். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ஓடும். 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் தடை செய்தது, 2017இல் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. பாரம்பரியம் என்ற சொல்லுக்குள் மாடு, வண்டி, சாரதி எல்லோரும் வந்துவிட்டார்கள். வார் பின்னியவரைத்தான் காணோம்.

கடைசியாகக் குஞ்சம். கற்றாழை நாரோ நைலான் நூலோ எடுத்து, இரண்டாக மடித்து எதிரெதிராய் முறுக்கி, வாரின் நுனியில் சுருக்குப் போட்டு இழுத்தால் போதும். நுனியில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழே விரலளவு பிசிறு. இதற்கு எண்ணெய் கூடாது. சொடுக்கிப் பார்ப்பதென்றால் வெட்டவெளிக்குப் போங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் பிள்ளைகள் நிற்க வேண்டாம். புதிதாய்ப் பழகுகிறவன் முதலில் அடித்துக்கொள்வது தன் காதையும் கன்னத்தையும்தான்.

நான் கொல்லையில் நின்று ஒரே ஒரு தரம் சொடுக்கினேன். நன்றாகவே சத்தம் வந்தது. தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆத்தா கூடையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டார். 'என்னா தம்பி அது? இந்தச் சத்தம் கேட்டா எங்கய்யா சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சு நின்னுருவாரு.' அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கீரையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

குஞ்சத்தை அவிழ்த்துத் தனியாக வைத்திருக்கிறேன். மறுபடி கட்ட அஞ்சு நிமிஷம் போதும்.