வெட்டிய பாட்டும் வெட்டாத பாட்டும்

1970ஆம் ஆண்டு 'தி கிங்க்ஸ்' என்ற ஆங்கிலேய இசைக்குழு அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்தது. நடுவில் அதன் பாடகர் ரே டேவிஸ் விமானம் ஏறி லண்டனுக்கு வந்தார், ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாடிப் பதிவுசெய்துவிட்டுத் திரும்புவதற்காக. 'லோலா' என்ற அவர்களுடைய புதுப் பாட்டில் கோகோ கோலா என்ற பெயர் வந்தது. விளம்பரத்துக்கே இடம் தராத பிபிசி, அந்தப் பெயரோடு பாட்டை ஒலிபரப்பாது. அதனால் அது 'செர்ரி கோலா' ஆனது. பாட்டின் கதையோ, கேளிக்கை விடுதியில் தான் சந்தித்தவர் பெண்ணா, பெண் வேடமிட்ட ஆணா என்று ஓர் இளைஞன் தடுமாறுவது. அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலான விஷயம். பிபிசி அதைப் போகவிட்டது, குளிர்பானத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டது.

சென்னையில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் பல வருடம் ஒலித் தொகுப்பாளராக வேலை பார்த்தவள் நான். இரவு ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சிக்கு வரும் பாட்டுகளைக் கேட்டு, தேவைப்பட்ட இடத்தில் வெட்டி, கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளைத் தனியார் நிலையங்களும் பின்பற்ற வேண்டும் என்பது உரிமத்தோடு வரும் நிபந்தனை. ஆகவே வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியே எங்களுக்கு இல்லை. எப்படி வெட்டுவது, யார் வெட்டுவது என்பதுதான் கேள்வி. இதில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் ஆட்டோவிலும் கடையிலும் யார் காதில் விழும் என்று தெரியாமல் ஒலிக்கும் வானொலிக்காகப் பாட்டை வெட்டலாம். ஆனால் பாடியவரே வெட்டித் தர வேண்டும், வெட்டியது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வெட்டு பாட்டுக்கும் கேடு, கேட்பவருக்கும் கேடு.

ஒரு வசவு வார்த்தை பாட்டில் கால் நொடிகூட இருக்காது. அதை எடுப்பது சுலபம் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். பாட்டு கம்பெனி நமக்கு இசை மட்டும் உள்ள 'இன்ஸ்ட்ருமென்டல்' வடிவத்தையும் அனுப்பியிருந்தால் பிழைத்தோம். மூலப் பாட்டுக்குக் கீழே அதை வைத்து, தாளத்தோடு தாளம் பொருத்தி, அந்தக் கால் நொடிக்குக் குரலை விலக்கி இசையை மட்டும் விடலாம். அது இல்லையென்றால் வார்த்தையோடு டிரம்ஸும் பேஸும் சேர்ந்து போய்விடும். படி இறங்கும்போது ஒரு படி காணாமல் போனால் கால் எப்படித் திடுக்கிடுமோ, அப்படித் திடுக்கிடும் கேட்பவர் காது.

வார்த்தையை எடுத்தால் மட்டும் போதாது. அதற்கு முன்னால் பாடகர் இழுத்த மூச்சையும் எடுக்க வேண்டும். மூச்சு இருந்து வார்த்தை இல்லையென்றால் யாரோ வாயைப் பொத்தியது போலக் கேட்கும். ராப் பாட்டில் பின்னணியில் இன்னொரு குரல் அதே வார்த்தையை இடது பக்கமோ வலது பக்கமோ திருப்பிச் சொல்லும். ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் கேட்டால் அது தப்பிவிடும். எதிரொலி சேர்த்திருந்தால் நாம் எடுத்த வார்த்தை அரை நொடி கழித்து மெல்லிசாகத் திரும்பி வரும். சிலர் வார்த்தையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார்கள். குரல் மட்டும் தனியாகக் கையில் இருந்தால் அது அழகாகவே இருக்கும், டிஜே இசைத்தட்டைப் பின்னுக்குத் தேய்த்தது போல. முழுப் பாட்டையும் சேர்த்துத் திருப்பினால் டிரம்ஸும் தலைகீழாகி உறிஞ்சும் சத்தம் வரும்.

'பீப்' சத்தம் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. 1970ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில், ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஒரே ஓர் ஒலியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்கள் சொல் முழுசாக இருந்தது என்றார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூட அவர்களால் சரியாகக் காட்ட முடியவில்லை. அதே இடத்தை வெறும் மௌனமாக விட்டபோது ஓட்டை உடனே தெரிந்தது. சத்தத்தால் மூடிய இடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. முதலெழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுவிட்டு நடுவில் மட்டும் 'பீப்' போடும் நிலையம், அந்த வார்த்தையைக் கேட்பவர் வாயாலேயே சொல்லவைக்கிறது.

பாடியவரே மாற்றிப் பாடினால் நிலைமை வேறு. 2010ல் சீ-லோ க்ரீன் ஒரு பாட்டை வெளியிட்டார். தலைப்பிலேயே, பல்லவியிலேயே, ஆங்கிலத்தின் மிகப் பிரசித்தமான நாலெழுத்துக் கெட்ட வார்த்தை. வெட்டினால் பல்லவியே இருக்காது. வானொலிக்காக அவர் அந்த இடத்தில் 'ஃபர்கெட்' என்று மாற்றிப் பாடிக் கொடுத்தார். இரண்டு சொல்லும் மேல்பல் கீழுதட்டைத் தொடும் அதே 'ஃப' ஒலியில்தான் தொடங்குகின்றன. அந்த ஒலி மெட்டில் விழும் அடி மாறவில்லை. ஓர் அசை கூடியதை மெட்டுக்குள் மடித்துக்கொண்டார். கோபம் கொஞ்சம் குறைந்து கேலி கூடியது, அவ்வளவுதான். எந்த நேரத்திலும் போடலாம் என்பதால் எங்கள் ஆர்ஜேக்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்ட பாட்டு அது. என் கத்தரிக்கு அதில் வேலையே இருக்கவில்லை.

அமெரிக்க வானொலி கெட்ட வார்த்தைக்கு இப்படிப் பயந்து பயந்து ஒலிபரப்புவதற்கு ஒரு வழக்கு காரணம். 1973 அக்டோபர் 30 அன்று பிற்பகலில், நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ நிலையம், வானொலியில் சொல்லக்கூடாத வார்த்தைகளைப் பற்றி ஜார்ஜ் கார்லின் பேசிய நகைச்சுவைப் பேச்சை, அந்த வார்த்தைகளோடே போட்டது. காரில் மகனோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுப் புகார் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. வானொலி வீட்டுக்குள் தானாக வந்து நுழைகிறது, குழந்தை காதிலும் விழுகிறது, எனவே அரசு கட்டுப்படுத்தலாம் என்றது பெரும்பான்மை. காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஆபாசத்துக்கு இடமில்லை என்பதுதான் இன்றும் அங்கே நடைமுறை. 2006ல் அபராதத்தின் உச்சவரம்பை 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக உயர்த்தினார்கள். சிறிய நிலையம் ஒரே பாட்டில் மூடவேண்டியதுதான்.

அந்தத் தீர்ப்பின் காரணம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அதை வைத்துக்கொண்டு பிற்பாடு செய்ததுதான் நியாயமாகப் படவில்லை. 2001ல் கொலராடோ மாநிலத்தின் ஒரு நிலையத்துக்கு, ராப் பாடகர் எமினெமின் 'தி ரியல் ஸ்லிம் ஷேடி' பாட்டைப் போட்டதற்காக அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 7,000 டாலர் அபராதம் விதித்தது. நிலையம் போட்டது மூலப் பாட்டை அல்ல, வெட்டிய வானொலி வடிவத்தை! வார்த்தை போனாலும் பொருள் புரிகிறதே என்பது ஆணையத்தின் வாதம். மறு ஆண்டு அபராதத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

அதே 2001ல், அதே 7,000 டாலர் அபராதம், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்து கேபூ என்ற சமூக வானொலிக்கும் விழுந்தது. அது போட்டது சாரா ஜோன்ஸ் என்ற கவிஞரின் 'யுவர் ரெவல்யூஷன்'. ராப் பாட்டுகளில் பெண்களை எப்படிக் கேவலப்படுத்துகிறார்கள் என்பதை, அந்தப் பாட்டுகளின் மொழியையே எடுத்து எதிர்த்துக் கேட்ட படைப்பு. கேவலப்படுத்திய பாட்டுகள் நாலு வார்த்தை வெட்டுப்பட்டு வானொலியில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தன. எதிர்த்துப் பேசிய பெண்ணின் குரல் ஆபாசம் ஆனது. ஜோன்ஸ் நீதிமன்றம் போனார், 2003ல் ஆணையம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் எந்த நிலையம் துணிந்து அதைப் போட்டிருக்கும்? வார்த்தைப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்காருபவர்கள் இந்த இரண்டு வழக்கையும் ஒரு முறை படிக்க வேண்டும்.

இசைத்தட்டின் மேல் ஒட்டும் எச்சரிக்கை முத்திரையின் கதை தனி. பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' இசைத்தட்டைத் தன் 11 வயது மகளுக்காக வாங்கிய டிப்பர் கோர், அதிலிருந்த 'டார்லிங் நிக்கி' பாட்டைக் கேட்டு அதிர்ந்துபோனார். அவருடைய கணவர் அல் கோர் அப்போது செனட்டர். இப்படிப்பட்ட இசைத்தட்டுகளில் எச்சரிக்கை வேண்டும் என்ற குரல் எழுந்து, 1985 செப்டம்பரில் செனட் குழு விசாரணையே நடத்தியது. எல்லோரும் சாது என்று நினைத்த ஜான் டென்வர் வந்து முத்திரையை எதிர்த்துச் சாட்சி சொன்னார். மலையழகைப் பாடிய அவருடைய 'ராக்கி மவுன்டன் ஹை' பாட்டைப் போதைப் பாட்டு என்று தப்பாக எடுத்துக்கொண்டு சில நிலையங்கள் ஒதுக்கியிருந்தன. கடைசியில் இசைத்தட்டு நிறுவனங்கள் முத்திரைக்கு ஒப்புக்கொண்டன. 1990லிருந்து கறுப்பு வெள்ளையில் ஒரே மாதிரியாக அது வந்தது. முத்திரையை நான் ஆதரிக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறது, உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை.

ஆனால் வால்மார்ட் போன்ற பெரிய கடைகள் முத்திரை ஒட்டியதை விற்க மாட்டோம் என்றன. அந்தக் கடைகளுக்காகவே வெட்டிய வடிவங்கள் தயாராயின. நிர்வாணா குழுவின் 'இன் யூட்டெரோ' இசைத்தட்டுக்கு 1994ல் தனி அட்டை அடித்தார்கள். வன்புணர்வுக்கு எதிரான ஒரு பாட்டின் தலைப்பு அதன் பின்னட்டையில் 'வெய்ஃப் மீ' என்று மாறியது. உள்ளே பாட்டு மாறவில்லை. அட்டையைப் படிப்பவருக்கு மட்டும் பாட்டு சுத்தமானது.

சில பாட்டுகளில் வசவு என்பது கதாபாத்திரத்தின் வாய். போக்ஸ் குழுவும் கிர்ஸ்டி மெக்கோலும் 1987ல் பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்', கிறிஸ்துமஸ் இரவில் வாழ்ந்து கெட்ட ஒரு ஜோடி ஒருவரையொருவர் ஏசிக்கொள்வது. அதில் ஒருபாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று உண்டு. 2007 டிசம்பரில் பிபிசி ரேடியோ 1 அதை அமுக்கியது. மெக்கோலின் தாயாரே எதிர்த்தார். அன்று மாலைக்குள் நிலையம் பின்வாங்கியது. 2020ல் மறுபடி ரேடியோ 1 மாற்றிய வடிவத்தைப் போட்டது. இம்முறை, அந்த இடத்தில் மெக்கோல் தானே வேறு சொல் வைத்துப் பாடியிருந்த பதிவை எடுத்துக்கொண்டது. ரேடியோ 2 மூலத்தையே போட்டது. பாட்டை எழுதியவர்களில் ஒருவரான ஷேன் மெக்கவன் முன்னமே சொல்லியிருந்தார்: பாட்டில் பேசுகிறவள் நல்லவள் இல்லை, அதனால்தான் அந்தச் சொல், வேண்டுமானால் அமுக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. 2007ல் நடந்ததற்கும் 2020ல் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2020ல் கேட்டவருக்கு முழுப் பாட்டு கிடைத்தது, பாடியவர் குரலிலேயே கிடைத்தது, மூலம் அடுத்த நிலையத்தில் இருந்தது.

அந்த மூன்றாவது விஷயம் இப்போது ஆட்டம் காண்கிறது. 2022ல் பாடகி லிஸோ, மாற்றுத்திறனாளிகளை நோகடிக்கும் ஒரு சொல் தன் பாட்டில் இருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டியதும், சில நாளிலேயே மாற்றிப் பாடி வெளியிட்டார். அதே ஆண்டு பியான்சேவும் அதே சொல்லைத் தன் பாட்டிலிருந்து எடுத்தார். இருவரும் கேட்டுத் திருத்தியது பெருந்தன்மை. ஆனால் இணையத்தில் பழையதன் இடத்தில் புதியது வந்து உட்கார்ந்துவிடுகிறது, எது எப்போது மாறியது என்ற குறிப்பே இல்லாமல். இசைத்தட்டு காலத்தில் இரண்டும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நாளைக்கு இந்தக் காலத்துப் பாட்டுகளைப் படிக்க வருபவருக்கு எதை எடுத்துக் காட்டுவோம்?

எங்கள் நிலையத்தில் ஓர் ஆர்ஜே பையன் ஒரு நாள் கேட்டான்: "அக்கா, கேட்கிறவங்களுக்குத் தெரியாம வெட்டினாத்தானே நல்ல எடிட்டு?"

"காதுக்குத் தெரியக்கூடாதுடா, ஆளுக்குத் தெரியணும். 'இது ரேடியோ எடிட்'னு பாட்டுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடு" என்றேன். அன்றிலிருந்து அவன் சொன்னான். அதைக் கேட்டு யாரும் நிலையத்தை மாற்றிவிடவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வானொலியில் கேட்டுப் பிடித்துப்போன ஆங்கிலப் பாட்டைப் பிள்ளை போனில் தேடினால், பெரும்பாலும் முதலில் வருவது வெட்டாத மூலம்தான். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய கட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்து இருந்தால் அது வெட்டாதது. ஸ்பாட்டிஃபையின் செட்டிங்ஸில் இந்த வகைப் பாட்டுகளை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. குடும்பத் திட்டத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு பிள்ளையின் கணக்குக்கும் தனித்தனியாக அதைப் போடலாம். ஆப்பிள் போனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதிக்குள் போனால் ஆப்பிளின் சொந்தப் பாட்டுச் செயலிக்கும் அதே வசதி கிடைக்கும். பிள்ளை சின்னவன் என்றால் இன்றைக்கே போட்டுவிடுங்கள். பதினைந்து பதினாறு வயதென்றால், அடைத்து வைப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை ஒரு முறை முழுசாகக் கேளுங்கள்.